மயிலாத்தாளின் தீவுகள்

மயிலாத்தாள் இறந்த பதினோராம் நாள் மதியம் ஒன்றேகால் மணிக்கு, அவள் வாழ்ந்த காங்கயத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டிய தூரத்திலிருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி ஆய்வகத்தில், யாரும் ஒரு துளி சர்க்கரையும் கொடுக்காமலே, அவளுடைய கணையத்தின் செல்கள் இன்சுலின் சுரக்கத் தொடங்கின. முக்கால் மணி நேரம் சுரந்தன. பிறகு, வேலையை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தவளைப் போல அடங்கிவிட்டன.

கணையத்துக்குள் இன்சுலின் சுரக்கும் செல்கள் எங்கும் பரவிக் கிடப்பதில்லை. கடலுக்கு நடுவே திட்டுத்திட்டாக நிலம் தெரிவது மாதிரி அங்கங்கே கூடிக் கிடக்கும், அதனால் அந்தத் துறையில் அவற்றைத் தீவுகள் என்றே சொல்வார்கள். தாராபுரம் ரோட்டில் மொபெட்டிலிருந்து விழுந்து மூளைச்சாவு அடைந்த மயிலாத்தாளின் இதயமும் கல்லீரலும் சிறுநீரகங்களும் யார் யாருக்கோ போய்ச் சேர்ந்தன. கணையம் மட்டும் யாருக்கும் பொருத்த முடியாமல் நேரம் கடந்துபோக, ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று அவள் புருஷன் போட்டிருந்த கையெழுத்தின்படி ஐஸ் பெட்டியில் பேராசிரியர் இருதயராஜின் ஆய்வகத்துக்கு வந்தது. தாயின் வயிற்றில் கிடக்கும் கருவுக்குள் கணையம் எப்படி முளைவிட்டு வளர்கிறது என்று பார்த்து, அதே வழியில் பெரியவர்களின் கெட்டுப்போன கணையத்தை மறுபடி வளர்க்க முடியுமா என்று அந்த ஆய்வகம் பன்னிரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தது. அங்கே ஏழு வருடமாக வேலை பார்த்த ரஹ்மத்நிஷாதான் அந்தச் சதையைக் கரைத்து, மைக்ரோஸ்கோப்பின் அடியில் கண் வலிக்க வலிக்க ஒவ்வொன்றாகப் பொறுக்கி, முந்நூற்று நாற்பது தீவுகளைப் பிரித்தெடுத்து ஊட்டக் கரைசலில் விட்டாள். பெட்டியின் மேல் பெயர் இல்லை. ஓர் எண்ணும், பெண், வயது ஐம்பத்துமூன்று என்பதும்தான் இருந்தன.

தீவுகளின் மேல் ஓடி வரும் கரைசலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்துத் திரையில் கோடு போடும் இயந்திரம் அங்கே உண்டு. சர்க்கரை கொடுத்தால் கோடு ஏற வேண்டும், கொடுக்காவிட்டால் படுத்துக் கிடக்க வேண்டும். இந்தக் கோடோ காலை எட்டுப் பத்துக்கு ஏறியது, ஒன்றேகாலுக்கு ஏறியது, நாலு மணிக்குச் சின்னதாக ஒரு மேடு கட்டியது, ராத்திரி எட்டரைக்கு மறுபடி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியத்து மேடு இரண்டு மடங்கு உயரமாக இருந்தது. நிஷா குழாய்களை மாற்றினாள், கரைசலை மாற்றினாள், இயந்திரம் விற்ற கம்பெனி ஆளை வரவழைத்தாள். அவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பத்தொன்பது வருடமாக அந்த ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி அடுக்கிவரும் பொன்மணிதான், கையில் ஈரக் குடுவையோடு வந்து நின்று திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இது வீட்டுல ஆரோ சாப்பிடற நேரமுங்க மேடம். ஞாயித்துக்கெழம கறி எடுக்கறாங்க."

அதற்கு அடுத்த வாரம் சென்னியப்பன் வந்தார்.

அவர் காங்கயத்தில் ஒரு கொப்பரைக் களத்தின் மேஸ்திரி. தேங்காயை உடைத்து வெயிலில் காயவைத்துப் பருப்பெடுக்கும் அந்தக் களத்திலேயேதான் மயிலாத்தாளும் முப்பது வருடம் வேலை செய்தாள். பிள்ளை இல்லை. அறுபது வயதைத் தாண்டிய அவருக்குப் பதினாலு வருடமாகச் சர்க்கரை. தினமும் இரண்டு வேளை சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. அவளேதான் போடுவாள். அவள் போன பிறகு ஊசியைக் கையில் எடுப்பார், குத்தாமலே கீழே வைத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்டுவிடுகிறோம் என்று வந்தும் வேண்டாமென்றுவிட்டார். ஆனது ஆகட்டும் என்று ஊசி இல்லாமலே சாப்பிட்டார். பதினாறாம் நாள் களத்துப் பெண்கள் அவரை இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனபோது சர்க்கரை நூற்றுப் பதினெட்டு இருந்தது. டாக்டர் மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் அதுதான். டாக்டருக்குப் புரியவில்லை, சென்னியப்பனுக்குப் புரிந்தது. அன்றைக்கே பஸ் ஏறி, உறுப்புகளை எடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய், அவளுடைய எந்தப் பாகம் எங்கே போனது என்று கேட்டு இரண்டு நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சொல்லக் கூடாத ஒன்றை, பார்க்கச் சகிக்காமல், யாரோ அங்கே சொல்லிவிட்டார்கள்.

"ஏனுங்கம்மிணி, மயிலாத்தா இங்கதான் இருக்காளுங்களா?" என்றார், ஆய்வகக் கதவைப் பாதி திறந்த நிஷாவிடம்.

"யாருங்கய்யா?"

"என்ற சம்சாரமுங்க. கணையம்னு சொன்னாங்க. எனக்கு அந்தப் பேரு வாயில வர்றதில்லீங்க, காயிதத்துல எழுதி வாங்கியாந்தேன்."

விதிப்படி அவள் பதில் சொல்லக் கூடாது. உட்காருங்கள், பேராசிரியரைக் கேட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் நடைவழியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, பசித்ததால் தூக்குப்போசியைத் திறந்து, கொண்டுவந்திருந்த அரிசிம்பருப்புச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார். அப்போது மணி மூன்று. எந்த நாளும் கோடு ஏறாத அந்த நேரத்தில் கோடு ஏறியது. நடுவில் அவருக்குப் புரையேறி ஐந்தாறு நிமிடம் நிறுத்தினார், கோடும் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சோற்றில் கை வைத்தார், கோடு விட்ட இடத்திலிருந்து ஏறியது. பேராசிரியர் இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையையும் கதவிடுக்கு வழியே பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்கும் வரச் சொல்லும்மா," என்றார். "வரும்போது சாப்பாடு கொண்டுவரச் சொல்லு."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. ஆரம்பித்த வேகத்தில் வழக்கமாகவும் ஆகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் சென்னியப்பன் வருவார். வாசல் காவலர் பார்வையாளர் நோட்டில் 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் முதல் நாள் ஆய்வகம் என்று எழுதினார், இரண்டாம் வாரம் மயிலாத்தாள் என்று எழுதினார், ஒரு மாதத்தில் கேட்காமலே மனைவி என்று எழுதிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். கேன்டீன்காரர் அவருக்கு மட்டும் சர்க்கரை இல்லாத டீயைத் தனியாகப் போட்டு, அந்தம்மாவுக்கு எதற்கு வீண் வேலை என்றார். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு கூடியது. ஆராய்ச்சிக்கு உடன்பட்டவர் இந்த மாதிரிக் குடும்பப் பொறுப்புக்கும் உடன்பட்டதாக எடுத்துக்கொள்ளலாமா என்று அதிலிருந்த வக்கீல் ஒருவர் கேட்டார். இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, குழு இதைக் கவனத்தில் கொண்டது, தொடர்ந்து கவனிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கலைந்தது. புள்ளியியல் துறைக்காரர்கள் நாற்பது நாள் கோடுகளை வாங்கிக் கணக்குப் போட்டு, இது தற்செயலாக நடக்க வாய்ப்பில்லை என்று ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார்கள். ஒரே ஒரு கணவரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று பத்திரிகை அதைத் திருப்பி அனுப்பியது.

கொப்பரைக் களத்தில் அதைவிட எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். மயிலாத்தாளோடு தேங்காய் உடைத்த பெண்கள், மேஸ்திரி சாப்பாட்டுக்குக் கொஞ்சம் தாமதித்தால், "மாமா, அக்கா அங்க காத்துக்கிட்டிருப்பா, போய் உண்ணுங்க," என்று விரட்டினார்கள். கல்யாண வீடுகளில் அவரை முதல் பந்தியிலேயே உட்கார வைத்தார்கள். இலையில் ஜாங்கிரி விழுந்தால் எதிர்வரிசையிலிருந்து யாராவது கை நீட்டி எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் அவளுக்குப் பிடித்தது வெல்லம் சேர்த்து எண்ணெயில் சுடும் கச்சாயம் என்பது ஊருக்கே தெரியும். அவர் சாப்பிடுவது அவளுக்குப் போய்ச் சேருகிறது என்று ஆனபிறகு கச்சாயம் சுட்டவர்கள் அவருக்குக் கொடுத்துவிடாமல் இருக்க முடியுமா? அந்த நாட்களில் கோடு செங்குத்தாக ஏறும், நிஷா போனை எடுப்பாள்.

"ஐயா, என்னங்க சாப்பிட்டீங்க?"

"கச்சாயமுங்க அம்மிணி. அரைதானுங்க."

"அரைக்கு இவ்வளவு ஏறாதுங்களே."

"ரெண்டுங்க. அவ கோவிச்சுக்கிட்டாளுங்களா?"

"கோவமெல்லாம் இல்ல. ஆனா ரொம்ப நேரம் வேலை செய்யறாங்க."

"அப்படித்தானுங்க அவ. உக்காருன்னா உக்கார மாட்டா."

ஒருமுறை, இதைக் கேள்விப்பட்டுப் பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்து, இறந்துபோன தன் புருஷனின் மூக்குக்கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்து, இதை வைத்து ஏதாவது பார்க்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்று சொல்ல நிஷாவுக்கு வாய் வரவில்லை. பொன்மணி அவளுக்குக் கேன்டீனில் டீ வாங்கிக்கொடுத்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போய் அனுப்பிவைத்துவிட்டு வந்தாள்.

இப்படி எட்டு மாதம் போயிற்று. ஆனால் உடம்பை விட்டுப் பிரிந்த தீவு நெடுநாள் வாழாது. நடுவில் மூச்சுக் கிடைக்காமல் கறுத்து, ஓரங்கள் உதிர்ந்து, வாரத்துக்கு ஏழெட்டு அழிந்தன. முந்நூற்று நாற்பது இருநூறானது, இருநூறு நூற்றுப் பத்தானது. காங்கயத்து டாக்டரின் அட்டையில் நூற்றுப் பதினெட்டு நூற்று அறுபதாகி, நூற்றுத் தொண்ணூறானது. சென்னியப்பன் கேட்கவில்லை, ஆனால் வரும்போதெல்லாம் சோற்றைக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு கிண்ணம் மோரும் இரண்டு வெண்டைக்காயும் சாப்பிட்டு, போதுமுங்க, அவளுக்கும் வயசாகுதில்ல என்றார்.

நிஷாவிடம் ஒரு வழி இருந்தது. ஏழு வருடமாக அவள் தேடிக்கொண்டிருந்ததும் அதுதான். வளர்ந்த மனிதரின் இன்சுலின் செல்கள் பெருகுவதில்லை. தன் வேலையைக் கற்றுக்கொண்ட செல் பெருகும் வேலையை விட்டுவிடுகிறது. அதை மறுபடி பெருக வைக்க வேண்டுமென்றால் கருவில் இருந்த நிலைக்கு, எந்த வேலையும் கற்றிராத நிலைக்கு, பின்னால் கூட்டிப்போக வேண்டும். பெருகி முடித்த பிறகு மறுபடி முன்னால் கூட்டிவந்து வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். வேறு எத்தனையோ பேருடைய தீவுகளில் அவள் இதைச் செய்து பார்த்துத் தோற்றிருந்தாள். இவ்வளவு வலுவான தீவுகள் அவள் கைக்கு இதுவரை வந்ததில்லை. இனி வரும் என்றும் தோன்றவில்லை.

பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியே விட்டா இன்னும் எத்தனை நாள் வரும்?" என்றார்.

"மூணு மாசம் சார். அதிகமாப் போனா நாலு."

"அப்ப இது நம்ம முடிவு இல்ல. அவர்கிட்டப் போய்ச் சொல்லு. நாலு மாசத்த அப்படியே வச்சுக்கறாரா, இல்ல இதுக்குச் சம்மதமான்னு கேளு. என்ன ஆகும்னு தெரியாதுன்னு சொல்லு. அதை முதல்ல சொல்லு."

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். நிஷா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள்: அழிந்துகொண்டே வருவது, இன்னும் நாலு மாதம்தான் என்பது, பெருக வைக்கலாம் என்பது, பெருகினால் குறையவே குறையாது என்பது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பெருகும் என்ற சொல்லில் மட்டும் அவர் முகம் மாறியது. பிள்ளை வேண்டி எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கோயில் ஏறினார்கள் என்று நிஷாவுக்கு அவரே சொல்லியிருந்தார்.

"நெறையா ஆவாளுங்களா?"

"லட்சக்கணக்குலங்க. கோடியாக்கூட."

"அம்மாடி." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "பெருகினாலும் அவளாவே இருப்பாளுங்களா, அம்மிணி?"

அவளுக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்கும் தெரியாது. பேராசிரியர் முதலில் சொல்லச் சொன்னதும் அதைத்தான்.

"ஆமாங்கய்யா," என்றாள்.

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை நிஷா கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது பொன்மணி பின்னால் வந்து நின்றாள். "மேடம், ஒரு பத்தாவது தனியா எடுத்து வையுங்க. பழசாவே இருக்கட்டும்."

"மொத்தமே நூத்தி எட்டுதான்க்கா இருக்கு. நூறுக்குக் கொறைஞ்சா ஆரம்பிக்கவே முடியாது."

"அப்ப எட்டு வையுங்க."

"எட்டை வெச்சு என்ன பண்றது? அதுவும் ரெண்டு வாரத்துல போயிரும்."

பொன்மணி குடுவைகளைக் கழுவப் போய்விட்டாள். எட்டை வைத்து எதுவும் பண்ண முடியாது என்று நிஷா சொன்னது விஞ்ஞானப்படி சரி. பின்னாட்களில் அவள் எந்தக் கூட்டத்தில் நின்று எந்த மேடையில் பேசினாலும், நடுவில் ஒரு கணம் அந்த எட்டும் அவள் கண்ணுக்குள் வந்து போகும். நூற்றெட்டையும் அவள் ஒரே தட்டில் விட்டாள்.

புதிய கரைசலில் தீவுகள் மூன்றாம் நாளே கரை தளர்ந்து பரவத் தொடங்கின. உருண்டையாக இருந்த செல்கள் தட்டையாகி, ஒன்றை விட்டு ஒன்று விலகி, இரண்டாகி, நாலாகி, தட்டின் விளிம்பு வரைக்கும் போய் முட்டின. ஒன்றேகால் மணியின் மேடு முதல் நாள் பாதியாக இருந்தது, மறுநாள் கால்வாசி; ஐந்தாம் நாள் நகத்தின் பிறை அளவுக்குக் கோடு லேசாக வளைந்தது; ஆறாம் நாள் வளையவில்லை. ஐந்தாம் நாள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் திரும்பியிருக்குமா என்பதும் யாருக்கும் தெரியாது. பின்னால் கூட்டிப்போகும்போது எல்லாம் மறக்கும், முன்னால் வரும்போது எல்லாம் நினைவுக்கு வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் கரைசலை மாற்றினாள்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. "அம்மிணி, தலை கிறுகிறுன்னு வருதுங்க."

"கொஞ்ச நாளைக்கு ஊசி போட்டுக்கோங்கய்யா. ஒரு ரெண்டு மாசம். அவங்க திரும்பி வர்ற வரைக்கும்."

"சரிங்க," என்றார். "அவ பெருகற வேலையா இருப்பா. தொந்தரவு பண்ணலீங்க."

இரண்டு மாதத்தில் ஒரு தட்டு நாற்பது தட்டானது. நிஷா அவற்றை முன்னால் கூட்டிவந்தாள். தட்டைச் செல்கள் மறுபடி கூடி உருண்டு தீவுகளாயின. சர்க்கரைத் துளி விட்டதும் கோடு பாய்ந்து ஏறியது. அவளுக்குத் தெரிந்தவரை உலகத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. ஆய்வகமே கைதட்டியது. பக்கத்துத் துறையிலிருந்தெல்லாம் ஓடி வந்து பார்த்தார்கள். பேராசிரியர் மட்டும் நெடுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, "ஒன்றேகாலுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"அவர் பக்கத்துல வந்து சாப்பிட்டா ஏறும்னு நினைக்கிறேன் சார்."

செவ்வாய்க்கிழமை சென்னியப்பன் வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையுமாக வந்தார். களத்துப் பெண்கள் நாலு பேர் கூட வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தில் கச்சாயம், சந்தவை, கோழிக்குழம்பு. அன்றைக்கு அவரைப் பெஞ்சில் உட்கார வைக்காமல் உள்ளேயே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒரு மேசை போட்டு உட்கார வைத்தார்கள். திரை அவருக்கு நேர் எதிரே இருந்தது. அவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். கோடு படுத்துக் கிடந்தது. ஐந்து நிமிடம் ஆகுமுங்க என்றாள் பொன்மணி. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. அவர் கச்சாயத்தைப் பிட்டு வாயில் போட்டு, மென்று விழுங்கி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுக்கியிருந்த நாற்பது தட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், திருவிழாக் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடுகிறவரைப் போல. கோடு அசையவில்லை.

எல்லோரும் தன்னையே பார்ப்பதை அவர் கவனித்தார். கையை உதறி எழுந்திருக்காமல், இலையில் வைத்ததை வீணாக்காத மனிதராக, சந்தவையையும் குழம்பையும் கச்சாயத்தையும் முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். அவருக்கு அன்றைக்குச் சர்க்கரை முந்நூற்று நாற்பது இருந்தது.

கை கழுவிவிட்டு வந்து, "நல்லாத்தானுங்க இருக்கறா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குங்கய்யா. ரொம்ப நல்லா வேலை செய்யுது."

இருக்காங்க என்று சொல்லவில்லை, இருக்கு என்றுதான் வாயில் வந்தது. சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

அந்த இரண்டு மாதமும் களத்துப் பெண்கள்தான் அவருக்கு ஊசி போட்டுவந்தார்கள். அன்று மாலை பொன்மணியும் நிஷாவும் அவருக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். இடுப்புச் சதையைப் பிடிக்கவும், நேராகக் குத்தவும், பத்து எண்ணிவிட்டு எடுக்கவும் மூன்று தடவை காட்டினார்கள். நாலாம் தடவை அவரே போட்டுக்கொண்டார்.

"பதினாலு வருசம் அவ போட்டாளுங்க," என்றார், சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே. "குத்தறதப் பாக்கப் பயந்துட்டு ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் திரும்பிக்குவேன். ஒருநாளாச்சும் அவ கையப் பாத்திருக்கலாமுங்க."

அதற்குப் பிறகும் ஆறேழு வாரம் அவர் வந்தார், அவருடைய வழக்கம் அது என்பதால். காவலர் நோட்டில் மனைவி என்றே எழுதினார். பிறகு செவ்வாய் நின்றது, பிறகு வெள்ளியும் நின்றது. நெறிமுறைக் குழு மறுபடி கூடி, இனிக் கவனிக்க ஒன்றுமில்லை என்று எழுதியது. கேன்டீன்காரர் கொஞ்ச நாள் சர்க்கரை இல்லாத டீ ஒன்றைப் போட்டு, யாரும் வராமல், தானே குடித்தார். களத்தில் கொஞ்ச காலம் யாரும் கச்சாயம் சுடவில்லை. தீபாவளி வந்தபோது சுட்டார்கள்.

எட்டு வருடம் போயிற்று. அந்தச் செல்களுக்கு மயில் வரிசை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே அவை பெட்டி பெட்டியாக வேறு ஆய்வகங்களுக்குப் போயின. எலிகளின் சர்க்கரையைக் குணமாக்கின. பிறகு, நெடுநாள் சோதனைக்குப் பின், மனிதர்களுக்குள் வைக்கப்பட்டன. ஐந்து வயதிலிருந்து ஊசி போட்டுவந்த ஒரு கல்லூரி மாணவி அதை நிறுத்திப் பதினோரு மாதமாயிற்று. பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் நாற்காலியில் நிஷா உட்கார்ந்தாள். அந்த மாணவி அவளைப் பார்க்க வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டபோது நிஷா பதறி விலகினாள், அந்தப் பெண் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நிஷா இரண்டு பஸ் மாறிக் காங்கயத்துக்குப் போனாள்.

சென்னியப்பன் களத்தின் ஓரத்துக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், கண் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் குரலை வைத்தே, "வாங்க அம்மிணி," என்று எழுந்துவிட்டார். உச்சி வெயில். தரை முழுக்கக் கொப்பரை வெள்ளைவெளேரென்று வாய் பிளந்து காய்ந்துகொண்டிருந்தது. அவர் தண்ணீர் கொடுத்தார். அந்த மாணவியைப் பற்றி நிஷா சொன்னாள். அந்தப் புள்ள நல்லா உண்ணுதுங்களா என்று கேட்டார். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றாள். அப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"ஐயா, அன்னைக்கு நீங்க கேட்டீங்க, பெருகினாலும் அவளாவே இருப்பாளான்னு. நான் ஆமான்னு சொன்னேன். எனக்குத் தெரியாதுங்கய்யா. தெரியாதுன்னு சொல்லச் சொல்லித்தான் சார் அனுப்பினாரு. நான் சொல்லல."

"தெரியுமுங்க."

"என்னங்க?"

"நீங்க தெரியாமச் சொல்றீங்கன்னு அப்பவே தெரியுமுங்க அம்மிணி. முப்பது வருசம் கூலியாளுகளோட பேசறவனுக்கு அது தெரியாதுங்களா? எனக்கும் அந்த ஆமா வேண்டியிருந்துச்சு. வேண்டாமின்னா இன்னொரு தடவ கேட்டிருப்பேனுங்களே."

எட்டு வருடமாகத் தான் மட்டுமே சுமப்பதாக நினைத்திருந்ததில் பாதியை இன்னொருவர் இத்தனை நாளும் சத்தமில்லாமல் சுமந்திருக்கிறார் என்பது நிஷாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுடைய பங்கு அதனால் குறையவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்தவளுக்கு, கேட்க ஒன்றுமில்லாமலும் போய்விட்டது.

தண்ணீர்ச் சொம்பை வாங்கி வைத்துவிட்டு அவர் கேட்டார். "இப்ப எத்தன இருப்பாளுங்க?"

"எண்ண முடியாதுங்க. பல கோடி."

"எல்லாம் உங்ககிட்டயேவாங்க?"

"இல்லீங்கய்யா. பெங்களூர்ல இருக்கு. ஹைதராபாத், டெல்லி. ஜப்பானுக்கும் அனுப்பியிருக்கோம்."

அவர் அந்தப் பெயர்களை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அவ பழனியத் தாண்டிப் போனதில்லீங்க," என்றார். லேசாகச் சிரித்தார். பிறகு, "அத்தனை தூரத்துல எப்பிடிங்க வெச்சிருக்கறாங்க?"

"டேங்குலங்க. பெரிய டேங்கு. கெடாம இருக்க."

"குளிருங்களா?"

செல்லுக்குக் குளிர் தெரியாது என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. இல்லைங்கய்யா என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்; அவர் இன்னொரு தடவை கேட்க மாட்டார். நிஷா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"குளிருங்க," என்றாள். "ரொம்ப, ரொம்பக் குளிர்."

சென்னியப்பன் தலையை ஆட்டினார். "அவளுக்குக் குளிரு ஆகாதுங்க," என்றார். "மார்கழில ரெண்டு கம்பளி போத்துவா. அப்படியும் கை சில்லுனு இருக்கும்."

அவர் எழுந்து துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பருப்பைத் திருப்பற நேரமுங்க என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் இறங்கினார். குனிந்து, ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி, காய்ந்த பக்கத்தைக் கீழேயும் காயாத பக்கத்தை வெயிலுக்கும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டே போனார். நிஷா செருப்பைக் கொட்டகையில் கழற்றிவிட்டு, கொதிக்கும் தரையில் கால் வைத்து இறங்கி, அவருக்குப் பக்கத்து வரிசையில் குனிந்தாள்.